ஜோடி சைக்கிளில் ஒன்று

வாலென்டியின் சைக்கிள் முனக ஆரம்பித்தது ஈஸ்டர் முடிந்த வாரத்தில்.

குளிர்காலம் முழுக்க அது பள்ளிக்கூடத்து பாய்லர் அறையில், கரிக் குவியலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றது. பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவதுதான் வாலென்டிக்கு வேலை. மேலே பிள்ளைகள் பாடுவதும் வாத்தியார் அதட்டுவதும் வெந்நீர்க் குழாய் வழியாகக் கீழே அவருக்குக் கேட்கும். கீழே ஒரு மனுஷன் இருப்பது மேலே யாருக்கும் ஞாபகம் வராது. வகுப்பு கதகதப்பாக இருக்கிறவரை பாய்லர்காரனை யார் நினைக்கப் போகிறார்கள்? என்றைக்காவது ஜில்லிட்டுப் போனால்தான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கும்.

பாய்லரை அணைத்த மறுநாள் வண்டியைத் துடைத்து, காற்றடித்து, ஆற்றோரச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவது அவர் வழக்கம். இந்த வருஷமும் போனார். கோவில் மேட்டில் ஏறும்போது இடது காலை ஊன்றி மிதித்ததும் கீழே எங்கேயோ 'கிறீச்' என்றது. வலது காலுக்குச் சத்தமில்லை. மறுபடி இடது கால், மறுபடி கிறீச்.

முதலில் பெடலைக் கழற்றி எண்ணெய் விட்டார். ஒருநாள் சத்தமில்லை, மறுநாள் வந்துவிட்டது. சீட்டுக் கம்பியை உருவிக் கிரீஸ் தடவினார். போனது, வந்தது. செயினை மாற்றினார். பெடல் அச்சைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப அடுக்கிப் பூட்டினார். அதற்கும் ஒருநாள்தான் மரியாதை. அந்தச் சத்தம் அவரைவிட ஒழுங்காக மேட்டுக் கோவிலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் இரண்டு தட்டு. அம்மா ஆண்டவரிடம் போனபிறகு ஒரு தட்டு. வருஷம் முழுக்க அவர் எதிர்பார்ப்பது ஜூலை மாதத்தில் ஒரு வாரத்தை. அந்த வாரம் பங்குக் கோவிலிலிருந்து சைக்கிள்களில் கிளம்பி செஸ்தொகோவா கோவிலில் இருக்கும் கறுப்பு மாதாவைப் பார்க்கப் போவார்கள். பகலெல்லாம் மிதிப்பது, ராத்திரி வழியில் யார் வீட்டுக் களஞ்சியத்திலாவது வைக்கோல் மேல் படுப்பது. யாத்திரையில் யாரும் யாரையும் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடக் கூடாது. டாக்டரானாலும் பாய்லர்காரரானாலும் அங்கே சகோதரர், சகோதரிதான். "வாலென்டி சகோதரரே, உங்க பம்பைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்று யாராவது கேட்டால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் அதே ஆட்கள் கடைவீதியில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று தனக்குத் தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

சாலையில் ஜோடி ஜோடியாகத்தான் போகவேண்டும். வாலென்டியின் ஜோடி யூலியன். பஸ் ஓட்டியவர், வாலென்டியைவிடச் சில வயது மூத்தவர். இருவரும் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். பக்கத்து டவுனில் ஒரு சைக்கிள் கிளப்பை மூடினபோது மூலையில் இரண்டு பச்சை ஃப்ரேம் கிடந்தது. தூர தேசம் போவதற்கென்றே செய்தது, முன்னாலும் பின்னாலும் சுமை கட்டலாம். உயரம் ஜாஸ்தி என்பதால் யாரும் எடுக்கவில்லை. இவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். யாத்திரைக்காரர்கள் அவர்களைப் பச்சைக்கிளிகள் என்று கேலி பேசுவார்கள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் யூலியனுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் வைத்தே, கோணிய வாயோடு, "அடுத்த வருஷம் வந்திடுவேன்டா" என்றார். "கண்டிப்பா வருவீங்கண்ணே" என்றார் வாலென்டி. அதற்குப் பிறகு இரண்டு ஜூலை போயிற்று. இரண்டிலும் வாலென்டி தன் பக்கத்தில் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டே ஓட்டினார். யாராவது முன்னேறி வந்தால், "அது யூலியண்ணன் இடம்" என்பார்.

சத்தத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் போனதும் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் போக்னாவிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போக்னாவுக்குக் கையும் வாயும் ஒரே வேகம்.

"எங்கேருந்துண்ணே சத்தம் வருது?"

"கீழேருந்து."

"கீழன்னா?"

"பெடல் பக்கம். சீட்டுப் பக்கமாவும் இருக்கலாம்."

"ரெண்டுக்கும் நடுவுல உங்க முட்டிதான் இருக்கு. அதுக்கு நான் கிரீஸ் வெக்க முடியாது."

சொல்லிக்கொண்டே வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, பெடலை ஒரு காலால் அழுத்தி, காதைக் குழாயில் வைத்துக் கேட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. சீட்டுக்குக் கீழே நேராக இறங்கும் குழாயைத் தடவிப் பார்த்தாள். அந்தக் குழாய் முழுக்க ஒட்டுப்படம். யாத்திரை முடிகிற அன்று பங்குச் சாமியார் ஆளுக்கு ஒரு மாதா படம் கொடுப்பார், கீழே வருஷம் போட்டிருக்கும். மற்றவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், கார்க் கண்ணாடியில் ஒட்டுவார்கள். வாலென்டியும் யூலியனும் அவரவர் வண்டியில் அந்த ஒரே குழாயில், ஒன்றின்மேல் ஒன்றாக, சட்டைக்குமேல் சட்டை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டே வந்தார்கள்.

"இதெல்லாம் எடுக்கணும்ணே."

"மாதாவைக் கிழிக்கச் சொல்றியா?"

"கிழிக்கல. பதமா எடுக்கறேன். உள்ள என்ன இருக்குன்னு மாதாவே காட்டட்டும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். போக்னா முடி உலர்த்துகிற ஊதியை எடுத்துவந்து, சூடு காட்டிக் காட்டி, ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தாள். போன வருஷத்துப் படம் வந்தது. அதற்கு முந்தின வருஷத்துப் படமும் வந்தது. மூன்றாவது படத்தில் மாதாவின் தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு கிழிந்திருந்தது. அதை எடுத்ததும் பச்சைப் பெயிண்டில் தலைமுடிபோல ஒரு விரிசல். துருவின் நிறத்தில், குழாயைப் பாதி சுற்றி வந்திருந்தது.

"பழைய விரிசல்ணே. மேல ரெண்டு படம் ஒட்டி மூடியிருக்கீங்க."

வாலென்டி குனிந்து பார்த்தார். விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்படி என்ன சுமை ஏத்தினீங்க?"

"ரெண்டு பேர் சாமான்."

"தனியாத்தானே போனீங்க?"

கூடாரம் யூலியன் பங்கு, பாத்திரம் வாலென்டி பங்கு, சாவி ஸ்பேனரெல்லாம் யூலியன் பங்கு என்று முன்னால் பிரித்துக் கட்டுவார்கள். யூலியன் விழுந்தபிறகு அவர் பங்கையும் வாலென்டியே ஏற்றிக்கொண்டார். அந்த இரண்டாள் கூடாரம், அந்த இரண்டாவது தம்ளர், எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

"பத்த வெச்சிடலாம்மா. பாய்லர்ல எத்தனை விரிசலை நானே பத்த வெச்சிருக்கேன்."

"பாய்லர் நின்ன எடத்துல நிக்கும்ணே. இது உங்களையும் ஏத்திக்கிட்டு லாரிக்கு நடுவுல ஓடணும். மெல்லிசுக் குழா. இங்க ஒட்டினா பக்கத்துல விடும்." போக்னா துணியால் கையைத் துடைத்தாள். "நல்லா உழைச்சிருக்கு. கும்பிட்டுட்டு வேற பாருங்க."

வேறு என்றால் கடையில் இருந்தது பேட்டரி வண்டிதான். அதைக் காட்டினாள். "யாத்திரையில ஜோடி பிரிக்கிற தனூத்தா சகோதரி வாங்கியிருக்காங்க. மேட்டுல ஏறும்போது மூச்சு வாங்காம செபமாலையே முடிச்சிடறாங்களாம்."

"மூச்சு வாங்காம செபம் பண்ணா மாதா நம்புவாங்களா?"

"அப்போ யூலியன் ஐயா வண்டி? அதே உயரம், அதே பச்சை. சும்மாத்தானே கெடக்கு? போய்க் கேளுங்க. அவரு இனிமே..."

வாலென்டி நிமிர்ந்து பார்த்தார். போக்னா வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குச் சொன்னால் புரியாது. அந்த வண்டியைக் கேட்பது என்றால், நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று மனுஷன் முகத்துக்கு நேரே சொல்வதுதானே.

யூலியன் வீடு பூக் ஆற்றுக்கு அந்தக் கரையில். மனைவி இறந்துபோனாள், மகள் நார்வேயில் மீன் கம்பெனி வேலையில். பக்கத்து வீட்டுக்காரி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வாலென்டி பாலத்தைத் தாண்டி அங்கே போவார். கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை போட்ட டீ, கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி. மேசை மேல் ரோடு மேப் விரிந்திருக்கும். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய மேப்.

"மொத ராத்திரி அந்த ஒத்தக்கண்ணர் களஞ்சியத்துலயே படுப்போம்டா," என்றார் யூலியன் அந்த ஞாயிறும்.

"வேணாம்ணே. போன தடவ அவரு ஆடு உங்க தொப்பியைத் தின்னுச்சு."

"தொப்பி போனாப் போவுது. அவரு வீட்டம்மா வெள்ளரிக்காயை உப்புல ஊறப் போட்டிருக்கும் பாரு, அது வேற எங்க கெடைக்கும்?"

போன தடவை என்று இருவரும் சொல்வது மூன்று வருஷத்துக்கு முந்தின தடவையை. நடுவில் வாலென்டி தனியாகப் போனதை இருவரும் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வதில்லை.

"அண்ணே," என்றார் வாலென்டி.

"என்னடா?"

"உங்க... உங்க அடுப்படிக் குழா சொட்டுது."

எழுந்துபோய் அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு, மேப்பில் விரல் ஒரு காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது மறுபடி வாயைத் திறந்தார்.

"அண்ணே, உங்க வண்டி..."

"என் வண்டிக்கு என்ன?"

"செயினுக்கு எண்ணெய் போடணுமா? கொட்டகையைத் தொறந்தா போட்டுடுவேன்."

"போட்டாச்சு," என்றார் யூலியன், மேப்பிலிருந்து முகத்தை எடுக்காமல்.

ஒரு கையால் எப்படிப் போட்டார் என்று பாலத்தில் வரும்போது வாலென்டிக்குத் தோன்றியது. போக்னாவோ, பக்கத்து வீட்டுக்காரியோ உதவியிருக்கலாம் என்று விட்டுவிட்டார்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. ஆற்றோரத்தில் நாரைகள் குஞ்சு பொரித்துவிட்டன. யாத்திரைக்குப் போகிறவர்கள் சாயங்காலங்களில் சைக்கிளில் பழகிக்கொண்டிருந்தார்கள், வாலென்டி நடந்து போனார். இனி தள்ளிப்போட்டால் இந்த ஜூலை போய்விடும். அந்த ஒரு வாரமும் போய்விட்டால் வருஷத்தில் அவரைக் கூப்பிட வேறு வாய் இல்லை.

மூன்றாவது ஞாயிறு டீயைக் கையில் வாங்கினதுமே சொல்லிவிட்டார். "அண்ணே, என் வண்டி ஃப்ரேம் விரிஞ்சிபோச்சு. போக்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டா. உங்க வண்டியை இந்த வருஷம் மட்டும் எடுத்துக்கட்டுமா? நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லல. இந்த வருஷம் மட்டுந்தான். நீங்க எழுந்து நடக்கறப்போ துடைச்சுக் கொண்டாந்து வெச்சிடறேன்."

யூலியனின் வலது கை மேப்பில் ஓர் ஆற்றின்மேல் இருந்தது. அப்படியே இருந்தது.

"வண்டி இல்லடா."

"பூட்டிக் கெடக்கா? சாவி எங்க?"

"வண்டியே இல்ல."

வாலென்டிக்கு விளங்கவில்லை. யூலியன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன வருஷம், பனி விழறதுக்கு முன்னாடி, எல்லைக்கு அந்தப் பக்கம் கஷ்டப்படற சனங்களுக்குன்னு சாமியார் வேன் எடுத்துட்டு வந்தாரு. கம்பளி இருக்கான்னு கேட்டாரு. எங்கிட்ட எது கம்பளி? கொட்டகையில ஒண்ணு நிக்குது, எடுத்துக்கங்க சாமின்னுட்டேன். யாராவது உசரமான ஆளு ஓட்டட்டும்னு."

"எண்ணெய் போட்டாச்சுன்னீங்க."

"சொன்னேன்."

"வாரா வாரம் மேப்பை விரிச்சீங்க."

"விரிச்சேன்."

"ஏண்ணே?"

யூலியன் விழுந்துபோன கையை நல்ல கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட வேற என்னடா இருக்கு? வண்டியும் இல்லன்னு தெரிஞ்சா நீ எதுக்குப் பாலம் தாண்டி வரப்போறே? என் கோண மூஞ்சியைப் பாக்கவா?"

வாலென்டி தம்ளரை மேசைமேல் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். பாலத்தின் நடுவில் வந்து நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பழைய வெள்ளத்தில் வந்த ஒரு மரம் தூணில் சிக்கி, போகவும் முடியாமல் தங்கவும் முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை வேகவைத்துத் தின்றார். அடுத்ததும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். ஏற்கெனவே கொடுத்திருந்தது.

செபம் சொல்லும்போது 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றது. ஆண்டவரே, வாரா வாரம் என்னை ஏமாற்றினாரே என்று முறையிடத்தான் முழங்கால் போட்டார். ஆனால் கண்ணை மூடினதும் முன்னால் வந்து நின்றது யூலியனின் கால். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் கோடையில், வாசல்படி தாண்டுவதற்கு இடது முழங்காலை வலது கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்த கால். அதைப் பார்த்துக்கொண்டே "அடுத்த வருஷம்ணே" என்று சொன்னது யார்? இரண்டு பேர் சாமானைக் கட்டிக்கொண்டு, காலியான இடத்துக்குக் காவல் காத்துப் போனது யார்? யூலியன் வண்டியைக் கொடுத்தபிறகுதான் பொய் சொன்னார். வாலென்டி அதற்கு முந்தின வருஷமே ஆரம்பித்துவிட்டார்.

நின்ற இடத்திலிருந்து அந்தச் செபத்தை முடித்துவிட்டு எழுந்தார்.

போக்னா ஆளனுப்பினாள். ஆற்றோரமாகச் சுற்றுப்பயணம் வந்த ஒரு டச்சுக்காரர் விழுந்து தோள் எலும்பை ஒடித்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டாராம். தன் வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டாராம். உயரமான வண்டி, சுமை கட்டும் வண்டி, நல்ல வண்டி. நிறம்தான் வெந்த பீட்ரூட் மாதிரி.

"கெழவிங்க தலைக்குக் கட்டற துணி மாதிரில்ல இருக்கு," என்றார் வாலென்டி.

"நீங்க அதுமேல உக்காரப்போறீங்கண்ணே, தலையில கட்டிக்கப் போறதில்ல."

பச்சை வண்டியிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துப் புதுசுக்கு மாட்டினார்கள். இரண்டு கேரியர், விளக்கு, பெல். கேரியரின் ஒரு போல்ட் துருவேறி வரமாட்டேன் என்றது. வாலென்டி முழுப் பலத்தையும் கொடுத்துத் திருகியதில் விரல் தோல் உரிந்துபோனது. பழைய தோல் சீட்டை மட்டும் புதுசுக்கு மாட்டவா வேண்டாமா என்று யோசித்தார்.

"பழைய சீட்டையே மாட்டிக்கங்கண்ணே. அது பொண்டாட்டி மாதிரி. பழகினதுதான் சரி."

"எனக்கெப்படித் தெரியும்?"

"அதான் நான் சொல்றேன்ல."

கடைசியில் பச்சை ஃப்ரேம் மட்டும் வெறுமனே தரையில் கிடந்தது. கழற்றினபிறகு பார்க்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று வாலென்டி நினைத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எல்லாரும் செவுத்துல மாட்டி வெக்கறாங்க."

"வேணாம்மா. பாத்துக்கிட்டே இருப்பேன். இரும்புக்காரன் வந்தா குடுத்துடு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பைகளைத் தரையில் கொட்டினார். கூடாரத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தார். களஞ்சியம் இருக்கும்போது அது எதற்கு. பெரிய பாத்திரத்தை எடுத்தார், சின்னது போதும். இரண்டாவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதையும் அலமாரியில் வைத்தார். மிச்சத்தைக் கட்டி வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, யாரோ பின்னாலிருந்து தூக்கி விடுவதுபோல் லேசாக எழுந்தது. கோவில் மேட்டில் ஏறினார். இடது காலுக்கும் சத்தமில்லை, வலது காலுக்கும் சத்தமில்லை. அந்த வண்டி அவரிடம் ஒன்றுமே பேசவில்லை.

யாத்திரைக்கு முந்தின ஞாயிறு பாலத்தைத் தாண்டினார். கதவு திறக்க வெகுநேரமாயிற்று. யூலியன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மழிக்காமல் இருந்தது.

"மேப் எடுத்து வெக்கல," என்றார்.

"வேணாம்ணே."

"குழா சொட்டல."

"சரி."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"சும்மா வந்தேன்."

யூலியன் நகர்ந்து வழி விட்டார். இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேப் இல்லாத மேசை ரொம்பப் பெரிதாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் சாலையைப் பற்றி அல்லாமல் என்ன பேசியிருக்கிறோம் என்று வாலென்டி யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"மழை வரும்போல," என்றார்.

"வராது."

வெளியே யாரோ வாத்துக்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். யூலியன் ஒரு கையால் டீ போட எழுந்தார். வாலென்டி உதவப் போகவில்லை. தண்ணீர் கொட்டி, தட்டு உருண்டு, ஒருவழியாக இரண்டு தம்ளர் மேசைக்கு வந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டார். வாலென்டி அப்படியே குடித்தார்.

"ராத்திரிலதான் கஷ்டம்டா," என்றார் யூலியன் திடீரென்று. "திரும்பிப் படுக்க முடியல. படுத்த பக்கமே விடியற வரைக்கும்."

"சொல்லவே இல்லியே அண்ணே."

"மேப்பு இருந்துச்சே, எங்க சொல்றது."

ஜன்னல் வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறினபோது வாலென்டி தொப்பியை எடுத்தார். யூலியன் கதவுவரை வந்தார்.

"தனூத்தாகிட்ட நீயே சொல்லிடு. போன்ல எனக்கு வாய் வராது."

"சொல்லிடறேன்ணே."

புதன்கிழமை காலை கோவில் வாசலில் பூசை முடிந்து சாமியார் வண்டிகள்மேல் தீர்த்தம் தெளித்தார். தனூத்தா சகோதரி மஞ்சள் சட்டை போட்டு, கழுத்தில் விசிலோடு ஜோடி பிரித்துக்கொண்டு வந்தாள். பீட்ரூட் வண்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆஹா, கிளி நெறம் மாறிடுச்சே. வாலென்டி சகோதரரே, வழக்கம்போலத்தானே? பக்கத்துல எடம் விட்டுடட்டுமா?"

"வேணாம் சகோதரி. யூலியண்ணன் வரமாட்டாரு."

"இந்த வருஷமா?"

"இனிமே."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தனூத்தா சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கைச்சட்டையை லேசாகத் தொட்டாள். பிறகு விசிலை ஊதி, பின்னாலிருந்து ஒருவரைக் கூப்பிட்டாள். வேறு பங்குக் கோவிலைச் சேர்ந்தவர், சிப்ரியான் என்று பெயர், தேனீ வளர்ப்பவராம். குட்டையான ஆள். வாயில் புதினா மிட்டாய். அவருடைய தோள் வாலென்டியின் முழங்கைக்குத்தான் வந்தது.

"உங்க பக்கத்துல வந்தா எனக்கு நெழலுக்கு நெழலாச்சு சகோதரரே," என்றார்.

ஊர் முடிந்து பைன் காடு ஆரம்பித்ததும் முன்னால் போனவர்கள் செபமாலை தொடங்கினார்கள். சைக்கிளில் மணிமாலை உருட்ட முடியாது. விரலில் பத்து முட்டு வைத்த மோதிரம் போட்டு, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு செபம், அதில் ஜோடியில் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர் பின்பாதி சொல்லி முடிப்பார்.

"நீங்க ஆரம்பிங்க சகோதரரே," என்றார் வாலென்டி. "எனக்குப் பின்பாதிதான் பழக்கம்."

"எனக்கும் பின்பாதிதான். முன்பாதி எம்பொஞ்சாதி சொல்லுவா. அவ இந்தத் தடவ பேரப்புள்ளயைப் பாக்கப் போயிட்டா."

டயர் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் போன ஜோடி இரண்டாவது செபத்துக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "என்ன சகோதரர்களே, மாதாவைக் காக்க வெக்கறீங்க?"

வாலென்டி தொண்டையைக் கனைத்தார். முன்பாதியைச் சத்தமாக அவர் சொன்னதே இல்லை. யூலியன் பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லுகிறமாதிரி கணீரென்று சொல்லுவார், இவர் பின்னால் முணுமுணுப்பார். இப்போது வாயைத் திறந்தபோது கரித்தூள் படிந்த குரல் ஒன்று வந்தது. தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை. முதல் வார்த்தையில் தடுக்கியது. இரண்டாம் தடவை சரியாகத் தொடங்கினார்.

தேனீக்காரர் அவசரக்காரர். இவர் முன்பாதியை முடிப்பதற்குள் பின்பாதியை ஆரம்பித்துவிட்டார். வாலென்டி அவர் முடிக்கிறவரை பொறுத்திருந்து, கட்டைவிரலால் மோதிரத்தில் ஒரு முட்டு தள்ளி, அடுத்ததைத் தொடங்கினார். யூலியனைத் தேடிப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.